காட்பாடியில் இருந்து தார்ப் பாலைவன மணல்மேடு வரை: முதல் முறை போகிறவர்களுக்கு

வேலூருக்கும் காட்பாடிக்கும் நடுவில் பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது கீழே தெரிகிற மணல்தான் நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான மணல். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் போக வேண்டும், முதுகில் ஒரு பையோடு ஊரைச் சுற்ற வேண்டும், மணல்மேட்டில் ஓர் இரவு படுக்க வேண்டும் என்று யாராவது என்னிடம் வழி கேட்டால், அவர்களை நான் முதலில் அனுப்புவது இந்தப் பாலாற்று மணலுக்குத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நான் மூன்று முறை போய்வந்துவிட்டேன். வேலூர் வெயிலில் வளர்ந்தவனுக்குப் பாலைவனம் என்ன செய்துவிடும் என்ற நினைப்போடுதான் முதல் முறை கிளம்பினேன். வெயில் ஒன்றும் செய்யவில்லை. ராத்திரிக் குளிர்தான் தூங்க விடாமல் அடித்தது. நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையில் குளிரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும்தான் அதிகம் எழுதப்போகிறேன்.

எப்போது போகலாம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அக்டோபரிலும் மார்ச்சிலும் போகலாம், ஆனால் பகலில் மணல் சுடும். ஏப்ரலுக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். ஜெய்சல்மேர் போகும் ரயில் பாதையில் பலோடி என்று ஓர் ஊர் வரும். 2016 மே மாதம் அங்கே 51 டிகிரி பதிவானது. நம் கத்திரி வெயிலோடு அதை ஒப்பிடவே முடியாது.

மாதத்தை முடிவு செய்த பிறகு வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரைப் புரட்டுங்கள். அமாவாசையை ஒட்டிப் போனால் வானம் முழுக்க நட்சத்திரம். பௌர்ணமியை ஒட்டிப் போனால் டார்ச் இல்லாமலே மணலில் நடக்கலாம், ஆனால் நட்சத்திரம் கொஞ்சம்தான் தெரியும். என்னைக் கேட்டால் முதல் முறைக்கு அமாவாசைக்கு நாலைந்து நாள் பிந்தி. சாயங்காலம் மெல்லிய பிறை இருக்கும், அது மறைந்ததும் வானம் நிறைந்துவிடும். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ பௌர்ணமியை ஒட்டி அங்கே பாலைவனத் திருவிழா நடக்கும். அதைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் சரி. இல்லையென்றால் அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ரூம் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் வாடகை ஏறியிருக்கும்.

பாலாற்றில் ஒரு பயிற்சி

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு, கொண்டுபோகப் போகும் அதே பையில் எட்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு, ஆறு காய்ந்திருக்கும் ஒரு சாயங்காலம் பாலாற்று மணலில் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே கரையேறிவிடுங்கள். இரண்டு பேராகப் போவது நல்லது.

அந்த அரை மணி நேரத்தில் மூன்று விஷயம் புரிந்துவிடும். மணலில் ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் சறுக்கும், அதனால் தார் ரோட்டில் பத்து நிமிஷத்தில் போகும் தூரத்துக்கு இருபது நிமிஷம் ஆகும். பையின் தோள்பட்டை வார் மட்டும் எடையைத் தாங்கினால் கழுத்து பிடித்துக்கொள்ளும், இடுப்பு பெல்ட் இருக்கும் பைதான் வேண்டும். எந்த ஷூவில் மணல் ஏறுகிறது என்பதும் தெரிந்துவிடும். சல்லடை போலத் துணி வைத்த ரன்னிங் ஷூவில் பத்தே நிமிஷத்தில் மணல் நிரம்பிவிடும். கணுக்கால் வரை மூடும், நெருக்கமான துணி அல்லது மெல்லிய தோலில் செய்த ஷூதான் சரி. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு நல்ல ஷூ வாங்க இடம் சொல்ல வேண்டியதில்லை. புது ஷூவாக இருந்தால் இரண்டு வாரமாவது போட்டுப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

இரண்டாவது பயிற்சி குளிருக்கு. டிசம்பரில் ஓர் இரவு ஏலகிரியிலோ ஜவ்வாது மலையிலோ தங்கி, ஜெய்சல்மேருக்குக் கொண்டுபோகப் போகும் துணிகளோடு இரவு பத்து மணிக்கு மேல் வெளியே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்தக் குளிரே தாங்கவில்லை என்றால் இன்னும் ஒரு சுற்றுத் துணி தேவை என்று அர்த்தம். ஜெய்சல்மேர் பக்கம் ஜனவரி இரவில் 5 டிகிரிக்குக் கீழே போவது உண்டு. காற்றில் ஈரம் கிடையாது, வானத்தில் மேகம் கிடையாது. பகலில் மணல் வாங்கிய சூடெல்லாம் பொழுது சாய்ந்ததும் வேகமாகப் போய்விடும். மதியம் சட்டை பொத்தானைத் திறந்துவிட்டு நடந்தவர் இரவு எட்டு மணிக்குப் பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருப்பார்.

பையில் என்ன

மொத்த எடை எட்டு கிலோவைத் தாண்டக் கூடாது. கனமான ஒரே ஸ்வெட்டரைவிட, மெல்லியதாக மூன்று அடுக்கு நல்லது. உடம்போடு ஒட்டும் தெர்மல் உள்ளாடை ஒரு செட், அதன் மேல் முழுக்கை பருத்திச் சட்டை, அதற்கு மேல் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட். காதை மூடும் குல்லா, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி. ஒரு ஜோடியைத் தூங்குவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பகலில் வியர்த்து ஈரமான சாக்ஸோடு படுத்தால் கால் சூடேறவே ஏறாது.

நம் வீட்டில் இருக்கும் ஈரிழைத் துண்டு இரண்டை மறக்காமல் எடுத்து வையுங்கள். தலைக்கு முண்டாசு, மணல் காற்று அடித்தால் மூக்குக்கும் வாய்க்கும் கட்டு, ஒட்டகச் சேணத்தின் மேல் விரிப்பு, குளித்தால் துவட்ட, எல்லாவற்றுக்கும் அதுதான். இவ்வளவுக்கு உதவும் வேறு பொருள் என் பையில் இருந்ததில்லை.

நெற்றியில் மாட்டும் டார்ச், பவர் பேங்க், வெடிப்புக்கு வாசலின், உதட்டுக்கு ஏதாவது பூச, கூலிங் கிளாஸ், சன்ஸ்கிரீன். போனையும் கேமராவையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். தார் மணல் பாலாற்று மணல் மாதிரி பருமனானது இல்லை, மாவு போல நைசாக இருக்கும், சார்ஜர் ஓட்டைக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு. ஆதார் அட்டையின் அசலும் இரண்டு நகலும் வேண்டும். அது எல்லை மாவட்டம், கேட்கும் இடத்தில் காட்ட வேண்டியிருக்கும். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள்.

சாப்பாட்டுக்கு இட்லிப்பொடி, கடலை உருண்டை, தட்டை, முதல் நாள் ரயிலுக்குப் புளியோதரை. போதும். மற்றதை அங்கேயே சாப்பிடுங்கள்.

ரயில்

காட்பாடியில் இருந்து ஜெய்சல்மேருக்கு நேராகப் போகும் ரயில் இல்லை. இரண்டு வழி உண்டு. ஒன்று, சென்னை எழும்பூர் போய் அங்கிருந்து ஜோத்பூர் ரயில். கிட்டத்தட்ட இரண்டு இரவுப் பயணம். ஜோத்பூரில் ஒரு நாள் தங்கி மெஹ்ரான்கர் கோட்டையைப் பார்த்துவிட்டு, ரயிலிலோ பஸ்ஸிலோ ஐந்தாறு மணி நேரத்தில் ஜெய்சல்மேர். இன்னொன்று, காட்பாடியிலேயே கேரளா எக்ஸ்பிரஸ் ஏறி டெல்லி போய், அங்கிருந்து ஜெய்சல்மேருக்கு நேரடி ரயில் பிடிப்பது. பையைத் தூக்கிக்கொண்டு சென்னை வரை அலைய வேண்டாம் என்பவர்களுக்கு இது வசதி. ஆனால் குளிர்காலத்தில் டெல்லிப் பக்கம் மூடுபனியால் ரயில் தாமதமாகும். இரண்டு ரயிலுக்கும் நடுவில் முழுசாக ஒரு நாள் இடைவெளி விட்டு டிக்கெட் போடுங்கள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. முன்பு இருந்த 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. டிசம்பர் லீவுக்குப் போவதானால் திறக்கிற அன்று காலையிலேயே உட்கார்ந்துவிடுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அந்த 60 நாள் கணக்கைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும். ஸ்லீப்பரில் போகிறவர்கள் கம்பளியைப் பைக்கு அடியில் திணிக்காமல் மேலே வையுங்கள். இரண்டாம் இரவே அது தேவைப்படும்.

ஜோத்பூரில் இருந்து போகும் பாதையில் சன்னலோரம் உட்காருங்கள். பலோடி, ராம்தேவ்ரா, போக்ரான் என்று வரிசையாக ஊர்கள் வரும். 1974-லும் 1998-லும் அணுகுண்டுச் சோதனை நடந்த அதே போக்ரான்தான். 1998 சோதனையில் அப்துல் கலாமின் பங்கு நமக்கெல்லாம் தெரியும். பாதையோரம் முழுக்க ஒரு முள்மரம் கண்ணில் படும். அவர்கள் கேஜ்ரி என்பார்கள், அது ராஜஸ்தானின் மாநில மரம். நம் சிவன் கோயில்களில் தல விருட்சமாக நிற்கும் வன்னிமரம்தான் அது. அதற்குக் கீழே எருக்கஞ்செடி. அவ்வளவு தூரம் போய் எருக்கைப் பார்த்ததும் எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது.

மொழியைப் பற்றிப் பயப்பட வேண்டாம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வடமாநிலக் குடும்பங்களோடு காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் நாள் முழுக்க இந்தியில் பேசி வியாபாரம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த அளவு இந்தி போதும். தண்ணீர், சாப்பாடு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, வேண்டாம். இந்த ஐந்தையும் சரளமாகச் சொல்லக் கற்றுக்கொண்டு போங்கள்.

ஊருக்குள்

ஜெய்சல்மேர் 1156-ல் ராவல் ஜெய்சல் கட்டிய ஊர். திரிகூட மலை மேல் மஞ்சள் கல்லில் கோட்டை. நம் வேலூர்க் கோட்டை கருங்கல்லும் அகழியுமாக இருக்கும், உள்ளே குடியிருப்பு கிடையாது. ஜெய்சல்மேர்க் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். கடை, வீடு, சமணக் கோயில், துணி காயப்போட்ட மாடி எல்லாம் உள்ளேயே. 2013-ல் யுனெஸ்கோ பட்டியலில் ராஜஸ்தானின் மலைக்கோட்டைகளில் ஒன்றாகச் சேர்ந்தது.

தங்குவது மட்டும் கோட்டைக்கு வெளியே இருக்கட்டும். குடத்தில் சுமந்த தண்ணீருக்குக் கட்டிய கோட்டை அது. குழாய்த் தண்ணீரும் விடுதிக் குளியலறைகளும் வந்த பிறகு கழிவுநீர் அடியில் இறங்கி மலையின் மண்ணையும் சுவரையும் அரிக்கிறது. கோட்டைக்குள் போய்ப் பாருங்கள், டீ குடியுங்கள், சாமான் வாங்குங்கள். குளியலும் தூக்கமும் கீழே ஊரில். கோட்டை தெரிகிற மாடியோடு டார்மிட்டரி வைத்த ஹாஸ்டல்கள் கீழேயே நிறைய இருக்கின்றன.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். மிகக் குறைந்த வாடகைக்கு ரூம் என்பார்கள். அந்த ரூமுக்குப் போன பிறகு அவர்களுடைய ஒட்டகச் சவாரியை எடுக்கச் சொல்லி நெருக்கடி வரும். முதல் இரவுக்கான இடத்தை நம் ஊரில் இருக்கும்போதே பேசி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஊரில் இரண்டு நாள் வையுங்கள். பட்வா ஹவேலி என்ற பழைய மாளிகையின் கல் வேலைப்பாட்டைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். கடிசர் ஏரிக்கு விடிகாலையில் போங்கள். அது ஊருக்குக் குடிநீர் தந்த மழைநீர் ஏரி. காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்து வளர்ந்த வடாற்காட்டுக்காரர்களுக்கு ஏரி புதிதில்லை. ஆனால் வருஷத்துக்கு 200 மில்லிமீட்டர்கூட மழை பெய்யாத இடத்தில் ஏரி வெட்டி ஒரு நகரத்தையே வாழ வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்தப் படித்துறையில் உட்காருங்கள். மேற்கே 18 கிலோமீட்டரில் குல்தரா என்ற கைவிடப்பட்ட கிராமம் இருக்கிறது. பேய்க்கதை சொல்லித்தான் கூட்டிப் போவார்கள். எனக்கு அங்கே வாழ்ந்த பாலிவால் மக்களின் விவசாயம்தான் பெரிதாகத் தெரிந்தது. சரிவின் கீழே நீளமாக மண்கரை போட்டு ஓடிவரும் மழைநீரைத் தேக்குவார்கள். அது நிலத்தில் இறங்கிய பிறகு அந்த ஈரத்திலேயே கோதுமை விதைப்பார்கள். காதீன் என்று அதற்குப் பெயர். நம் ஏரிக்கரைக்கு ஒன்றுவிட்ட தம்பி.

எந்த மணல்மேடு, யாரோடு

இரண்டு இடம் உண்டு. ஊருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சம். தென்மேற்கே 50 கிலோமீட்டர் அளவில் கூரி. சம் மணல்மேடு பெரியது, அழகானது, ஆனால் கூட்டம் அதிகம். வரிசையாகக் கூடார விடுதிகள், ஜீப் சவாரி, இரவு பத்து பதினொன்று வரை ஸ்பீக்கர். குழந்தைகளோடு, கழிப்பறை வசதியோடு, ஆட்டம் பாட்டம் பார்க்க வேண்டும் என்கிற குடும்பத்துக்கு அது சரியாக இருக்கும். அமைதி வேண்டுமென்றால் கூரி. மேடு கொஞ்சம் சின்னது. கிராமத்து வீடுகளிலேயே தங்கி, சாயங்காலம் ஒட்டகத்தோடு மணலுக்குப் போகலாம். நான் சொல்வது கூரிதான்.

முதல் பயணத்தில் ஊரில் ஒரு ஏஜென்சியில் "தனியான மணல்மேடு, வேறு யாரும் இருக்க மாட்டார்கள்" என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். போய்ப் பார்த்தால் இருநூறு அடி தள்ளி ஒரு கூடார விடுதி, நடுராத்திரி வரை பாட்டு. அதிலிருந்து, பணம் கொடுக்கும் முன் இவற்றையெல்லாம் கேட்டு, பதிலைப் போனில் எழுதி அனுப்பச் சொல்கிறேன்: இடத்தின் பெயர் என்ன, பக்கத்தில் விடுதி எவ்வளவு தூரம், ஆளுக்கு ஒரு ஒட்டகமா, கூட எத்தனை பேர் வருவார்கள், ஆளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், ரஜாய் எத்தனை, காலையில் எத்தனை மணிக்குத் திரும்ப ஊருக்கு. ரஜாய் என்பது அவர்கள் போர்த்தும் பஞ்சுப் போர்வை. ஆளுக்கு இரண்டு கேளுங்கள். விலை சீசனுக்குச் சீசன் மாறும். ரொம்பக் குறைவாகச் சொன்னால் சாப்பாட்டிலோ ஒட்டகத்தின் தீனியிலோ பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

உள்ளூர் ஆள் இல்லாமல் தனியாக மணலுக்குள் போய் டென்ட் அடிக்காதீர்கள். எல்லை அந்தப் பக்கம்தான். 3,162 சதுர கிலோமீட்டர் பாலைவன தேசியப் பூங்காவும் அங்கேதான் விரிந்து கிடக்கிறது, கானமயில் என்ற அரிய பறவை மிச்சமிருக்கும் சில இடங்களில் அது முக்கியமானது. எது யாருடைய நிலம், எங்கே போகக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஒட்டகம்

ஏறும் முன் ஒட்டகத்தைச் சுற்றி வந்து பாருங்கள். மூக்கில் சீழ், முதுகில் சேணம் உரசிய புண் இருந்தால் வேறு ஒட்டகம் கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். ஒட்டகம் எழும்போது பின்கால்தான் முதலில் தூக்கும், நீங்கள் முன்னால் சாய்ந்து விழப் பார்ப்பீர்கள். உட்காரும்போது முன்கால் மடங்கும், அப்போதும் அதே கதைதான். இரண்டு முறையும் பின்னால் சாய்ந்துகொண்டு சேணத்தை இறுகப் பிடியுங்கள். முதல் முறைக்கு ஒன்றரை மணி நேரச் சவாரி தாராளம். அதற்கு மேல் தொடை இரண்டு நாளைக்குப் பேசும். நடுவில் இறங்கி ஒட்டகத்தோடு கூடவே நடக்கலாம், பாலாற்றுப் பயிற்சி அங்கே கைகொடுக்கும்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையக் கூடாது. அங்கே வியர்வை வந்த சுவடே தெரியாது, உலர்ந்துவிடும். தாகம் எடுக்காவிட்டாலும் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு வாய் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலு வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்தால் போதும். அதே சமயம் அவர்கள் தரும் தண்ணீரைக் கையில் ஊற்றி விளையாடவோ முகம் கழுவிக்கொண்டே இருக்கவோ கூடாது. அங்கே தட்டைக்கூட மணலால் தேய்த்துத்தான் சுத்தம் செய்வார்கள். லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைத்த நமக்கு அந்த அருமை தெரியாமல் போகுமா?

இரவு

பெரும்பாலும் டென்ட் இருக்காது. மணலில் மெத்தை விரித்து, ரஜாய் போர்த்தி, வானத்தைப் பார்த்துத் தூங்குவதுதான் வழக்கம். சொந்த டென்ட் கொண்டுபோனால் முளைக்குச்சி மணலில் நிற்காது. துணிப்பையில் மணல் நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்து மிதித்துவிடுங்கள். மேட்டின் உச்சியில் படுத்தால் காற்று, புதருக்குப் பக்கத்தில் படுத்தால் பூச்சி. இரண்டுக்கும் நடுவில் சமமான இடம் பாருங்கள். கருப்பு வண்டுகள் ஊர்ந்து வரும், ஒன்றும் செய்யாது. சுருட்டை விரியன் அந்த மண்ணிலும் உண்டு. நல்ல குளிரில் அதிகம் நடமாடாது, ஆனாலும் டார்ச்சும் ஷூவும் இல்லாமல் இரவில் எழுந்து நடக்காதீர்கள். காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

ஒட்டகக்காரர் அடுப்பு மூட்டிக் கம்பு ரொட்டி தட்டுவார். கூடவே பருப்பு, சில சமயம் கேர் சாங்கிரி. சாங்கிரி என்பது நாம் பார்த்த வன்னிமரத்தின் காய். நம் கம்பங்கூழ் குடித்தவர்களுக்கு அந்த ரொட்டியின் வாசனை உடனே பிடிபடும். நெய் வைத்துத் தருவார்கள், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உடம்பு சூடு தங்க அது தேவை. படுக்கும் முன் தூங்கும் சாக்ஸை மாற்றி, குல்லா போட்டு, பவர் பேங்கையும் போனையும் ரஜாய்க்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும்.

அப்புறம் மேலே பாருங்கள். டிசம்பர், ஜனவரியில் கார்த்திகைக் கூட்டம் உச்சியில் நிற்கும். அதற்குப் பின்னால் ரோகிணி, அதற்கும் கீழே சிவந்த திருவாதிரை. காவலூரில் தொலைநோக்கி வைத்திருக்கும் ஜவ்வாது மலையின் வானத்தை ஓர் இரவு பார்த்திருந்தால் இவற்றையெல்லாம் உடனே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம். நான் அன்று இரண்டு மணி வரை தூங்கவில்லை, தூங்க மனசு வரவில்லை.

கழிப்பறை கிடையாது. படுக்கும் இடத்துக்கும் கிணற்றுக்கும் நன்றாகத் தள்ளிப் போய், ஒரு முழம் தோண்டி மூடுங்கள். பெண்கள் வெளிச்சம் இருக்கும்போதே இடம் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது, இருட்டில் போகும்போது இருவராகப் போங்கள். டிஷ்யூ, நாப்கின், பிஸ்கட் உறை எதையும் புதைக்காதீர்கள். அந்த உலர்ந்த மணலில் எதுவும் மக்காது, காற்று வெளியே எடுத்துப் போட்டுவிடும், ஆடும் ஒட்டகமும் தின்னும். ஒரு கவரில் கட்டி ஊருக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

காலையில்

சூரியன் வருவதற்கு அரை மணி முன்னால் எழுந்து மேட்டின் உச்சிக்குப் போங்கள். இரவெல்லாம் நடந்த வண்டு, நரி, பறவைகளின் தடம் மணலில் கோலம் மாதிரி இருக்கும். வெயில் ஏறி, காற்று எழுந்தால் அழிந்துவிடும்.

டீ குடித்துவிட்டு, படுத்த இடத்தில் விரல்விட்டுத் துழாவுங்கள். பொட்டு, ஹேர்பின், மாத்திரை அட்டை எல்லாம் அங்கேதான் புதைந்திருக்கும். ஒட்டகக்காரருக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தை ஏஜென்சியிடம் கொடுக்காமல் அவர் கையிலேயே கொடுங்கள். ஊருக்கு வந்ததும் குளிப்பதற்கு முன் பையை முழுக்கக் காலி செய்து, வெளியே தலைகீழாகத் தட்டி எடுங்கள். ஷூவின் அடி அட்டையையும் உருவித் தட்டுங்கள். இல்லையென்றால் இரண்டு இரவு ரயிலில் பக்கத்து பெர்த்துக்காரர் வரை அந்த மணல் போகும்.